வங்கி வேலைக்குச் சேரும் தம்பிக்கு, 12,000 ரூபாய்க்குள்

கேள்வி இதுதான். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, 24 வயது. சென்னையில் ஒரு தனியார் வங்கிக் கிளையில், வீட்டுக் கடன் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. இன்னும் மூன்று வாரத்தில் சேர வேண்டும். கையில் 12,000 ரூபாய். “எங்கள் வீட்டில் யாரும் ஆபீஸ் வேலைக்குப் போனதில்லை, கேட்க ஆள் இல்லை. பிராண்டு சட்டைதான் போட வேண்டுமா? கோட்டு எடுக்கணுமா? நான் கறுப்பு, எந்த நிறம் போடலாம்? உடையால் நிஜமாகவே வேலையில் மேலே வர முடியுமா?” என்று கேட்டிருக்கிறார்.

நான் ஏன் பதில் சொல்கிறேன் என்றால், அப்பா தென்காசியில் தையற்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து காஜா எடுத்து, பட்டன் கட்டி வளர்ந்தவன் நான். அப்புறம் வங்கி, காப்பீடு என்று 19 வருடம் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தேன். நேர்முகத் தேர்வு மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த சட்டைகள் சில ஆயிரம் இருக்கும்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உடையால் யாருக்கும் பதவி உயர்வு கிடைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று அடுத்தவருக்குத் தெரிய மூன்று மாதமாவது ஆகும். அதுவரை உங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணில் படுவது மட்டும்தான். நீங்கள் சேரப்போகும் பிரிவை நினைத்துப் பாருங்கள். ஒருவர் இருபது வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய இடத்தின் மூலப் பத்திரத்தை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார். அதை 24 வயதுப் பையன் ஒருவனிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கொடுக்கும் முன் ஒரு நொடி உங்களை மேலும் கீழும் பார்ப்பார். அந்தப் பார்வையில் எதுவும் இடறக்கூடாது. அவர் உங்கள் சட்டையைப் பாராட்ட வேண்டியதில்லை. வீட்டுக்குப் போனபின் நீங்கள் என்ன நிறம் போட்டிருந்தீர்கள் என்று அவருக்கு நினைவில்லாமல் போனால் நீங்கள் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

“பெரிய பெரிய கம்பெனி முதலாளிகளே டி-சர்ட்டில் வருகிறார்களே” என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், உலகம் தளர்ந்துவிட்டது. வெள்ளைச் சட்டைக்கும் கோட்டுக்கும் பேர்போன அமெரிக்கக் கணினி நிறுவனம் ஐபிஎம் 1995-ல் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. அமெரிக்காவின் பெரிய முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸ்கூட 2019-ல் உடை விதியைத் தளர்த்தியது. ஃபேஸ்புக் முதலாளி மார்க் சக்கர்பெர்க்கின் சாம்பல் நிற டி-சர்ட் உலகத்துக்கே தெரியும். ஆனால் அவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்தபிறகு அந்த டி-சர்ட்டை எளிமை என்கிறோம். அதே டி-சர்ட்டில் நீங்கள் கடன் பிரிவில் உட்கார்ந்தால் “பொறுப்பான ஆள் யாராவது இருக்காங்களா தம்பி?” என்று உங்களிடமே கேட்பார்கள்.

இதில் நம் ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. காந்தி 1921 செப்டம்பரில் மதுரையில் வைத்து முழு உடையைக் களைந்து அரைத் துணிக்கு மாறினார், உலகமே வணங்கியது. அம்பேத்கர் பெரும்பாலும் கோட்டும் டையுமாகவே பொதுவில் நின்றார். முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டவும், தெருவில் செருப்புப் போட்டு நடக்கவும், தோளில் துண்டு போடவும் விடாமல் தடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கோட்டின் அர்த்தம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கசங்கிய சட்டையோடு வந்தாலும் “மேதை, அப்படித்தான் இருப்பார்” என்று பேர் வாங்கும் சலுகை சிலருக்குத்தான் உண்டு. முதல் தலைமுறையாக ஆபீஸுக்குள் நுழைகிறவனுக்கு அது கிடையாது. இது நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் திங்கள்கிழமை காலை ஒன்பதரைக்கு நீங்கள் கிளைக்குள் நுழையும்போது இதுதான் நிலவரம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் முதலாவது அளவு. துணி, நிறம், பிராண்டு எல்லாம் அதற்கு அப்புறம். 3,000 ரூபாய்ச் சட்டை தோளில் தொங்கினால், சரியாகத் தைத்த 800 ரூபாய்ச் சட்டைக்கு முன்னால் அது நிற்காது.

நம்மிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சீருடை தைக்கும்போது “வளர்ற பிள்ளை, கொஞ்சம் லூசாவே வச்சுத் தைங்க” என்று அம்மா சொல்லுவார்கள் அல்லவா? இரண்டு வருடம் தாங்க வேண்டும் என்று ஒரு சைஸ் பெரிதாகவே உடுத்தி வளர்ந்தவர்கள் நாம். வளர்ச்சி நின்ற பிறகும் அந்தச் சைஸ் மட்டும் நம்மை விடுவதில்லை. அப்பா கடையில் நாற்பது வயது ஆசாமிகள் வந்து “கொஞ்சம் லூசா இருக்கட்டும் மாஸ்டர்” என்பார்கள். “இன்னும் எங்க சார் வளரப் போறீங்க?” என்று அப்பா கேட்பார், அளவு நோட்டில் கண்ணை வைத்துக்கொண்டே. இப்போதைய பையன்கள் இதற்கு நேரெதிர். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் பனியன் எட்டிப்பார்க்கிற அளவுக்கு இறுக்கம். ஒருமுறை ஒரு பையன் கேட்ட கேள்விக்கெல்லாம் அழகாகப் பதில் சொன்னான். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் கை தானாகப் போய் வயிற்றுப் பக்கத்துச் சட்டையை இழுத்து மூடியது. அவன் போனபிறகு என் பக்கத்தில் இருந்தவர், “பையன் ரொம்ப பதற்றப்படுறானே” என்று குறிப்பில் எழுதப் போனார். பதற்றமெல்லாம் இல்லை சார், சட்டை ஒரு அங்குலம் பத்தவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லி நான் தடுத்தேன். எல்லா மேசையிலும் ஒரு தையற்காரர் மகன் உட்கார்ந்திருக்க மாட்டான்.

சட்டையில் முதலில் பார்க்க வேண்டியது தோள். உடம்பும் கையும் சேரும் தையல், தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். அது கீழே இறங்கியிருந்தால் அண்ணன் சட்டை போட்ட தம்பி மாதிரி இருக்கும்; மேலே ஏறியிருந்தால் கையைத் தூக்கும்போது மொத்தச் சட்டையும் கூடவே ஏறும். மற்ற இடங்களைப் பிடித்துத் தைத்துச் சரிசெய்யலாம், தோளைச் சரிசெய்வது பெரிய வேலை. அதனால் ரெடிமேட் வாங்கினால் தோள் பொருந்துகிற சட்டையை எடுத்துவிட்டு, இடுப்புப் பக்கம் லூசாக இருந்தால் பிறகு பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்தது காலர். கழுத்துப் பட்டனைப் போட்டபின் கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். டை கட்டச் சொல்லும் வங்கியாக இருந்தால் இது உயிர்நாடி. இல்லையென்றால் மதியத்துக்குள் தலைவலி வந்துவிடும். சட்டையின் கை, மணிக்கட்டு எலும்பை மூடி நிற்க வேண்டும், உள்ளங்கை வரை வரக்கூடாது. உடம்பில் இரண்டு பக்கமும் துணியைப் பிடித்தால் பக்கத்துக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம் கையில் வரலாம்.

பெரும்பாலானவர்கள் கவனிக்காத ஒன்று சட்டையின் நீளம். இப்போது தைப்பதெல்லாம் வெளியே விட்டுப் போடுவதற்கென்று குட்டையாக வெட்டுகிறார்கள். நீங்கள் நாள் முழுக்க இன் பண்ணியிருக்க வேண்டியவர். உயரத்திலிருக்கும் ஒரு ஃபைலை எடுக்கக் கையைத் தூக்கினால் சட்டை வெளியே வந்துவிடும். அளவு கொடுக்கும்போதே “இன் பண்ணத்தான், நீளம் ரெண்டு அங்குலம் கூட வைங்க” என்று சொல்லிவிடுங்கள்.

பேண்டுக்கு வருவோம். தொப்பை இருக்கிறவர்கள் செய்யும் தவறு, பேண்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவது. இடுப்பு அளவு 34 என்று சொல்லிக்கொள்ள அது உதவும், வேறு எதற்கும் உதவாது. தொப்பை பேண்டுக்கு மேல் வழியும், பின்பக்கம் தொளதொளவென்று தொங்கும், அரை மணிக்கு ஒருமுறை மேலே இழுக்க வேண்டியிருக்கும். தொப்புளுக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கிற மாதிரி உயர்த்தித் தைத்து, உண்மையான அளவை ஒப்புக்கொண்டால் ஆளே நிமிர்ந்து தெரிவார். உங்களுக்கு 24 வயது, இப்போது இது தேவைப்படாமல் இருக்கலாம். கல்யாணமான இரண்டாம் வருடம் இந்தப் பத்தியைத் திரும்பப் படியுங்கள். கீழே பாட்டம் ஷூவின் மேல் லேசாகத் தொட்டு ஒரே ஒரு மடிப்பு விழ வேண்டும். தரையைக் கூட்டுகிற பேண்டும், கணுக்கால் தெரியும் பேண்டும் வங்கிக்கு வேண்டாம்.

தைப்பதா, ரெடிமேடா? நான் தையற்காரன் மகன், என் பதில் ஒருதலைப்பட்சமாகத்தான் இருக்கும் என்று தெரிந்தே சொல்கிறேன்: பேண்டைக் கண்டிப்பாகத் தையுங்கள், சட்டை உங்கள் இஷ்டம். தைத்த பேண்டின் பின்தையலில் உள்ளே ஒன்றரை, இரண்டு அங்குலம் துணி விட்டிருப்பார்கள். உடம்பு போட்டால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். ரெடிமேடில் பெரும்பாலும் அந்தத் துணி இருக்காது. ஒரு சைஸ் ஏறினால் பேண்டு வீண். சட்டைக்கு ரெடிமேட் ஒத்துவரும் உடம்பென்றால் தாராளமாக வாங்குங்கள். ஒன்று மட்டும்: மலிவுச் சட்டைகளில் காலருக்குள் ஒட்டும் கேன்வாஸ் நான்கு சலவையில் பிரிந்து காலரில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். இஸ்திரி போட்டாலும் அது அடங்காது. அதற்குத் தைப்பதே மேல்.

துணி எடுக்கும் கணக்கு. 58 அங்குல அகலத் துணி என்றால் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர், 36 அங்குல அகலம் என்றால் 2.25 மீட்டர் வேண்டும். பேண்டுக்கு 58 அங்குல அகலத்தில் 1.20-லிருந்து 1.30 மீட்டர். நீங்கள் உயரமானவர் என்றால் கடைக்காரரிடம் சொல்லிக் கொஞ்சம் கூட்டி வாங்குங்கள். தூய பருத்தி என்றால் தைக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டுக் கொடுங்கள். பருத்தி முதல் சலவைகளில் சுருங்கும். காலரும் கையும் அரை அங்குலம் ஏறிவிட்டால் மாஸ்டரைத் திட்டிப் பயனில்லை.

எந்தத் துணி என்பதைச் சென்னை முடிவு செய்யும். மே மாதம் 40 டிகிரி, அதோடு கடற்காற்றின் புழுக்கம். பேருந்திலோ பைக்கிலோ அதில் நனைந்து வந்து, உள்ளே ஏசியில் எட்டு மணி நேரம். தூய பருத்தி வேர்வையை இழுக்கும், உடம்புக்கு இதம், ஆனால் பதினோரு மணிக்கே கசங்கிவிடும். பாலியஸ்டர் அதிகமானால் கசங்காது, ஆனால் வேர்வை நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பருத்தி கூடுதலாகவும் பாலியஸ்டர் குறைவாகவும் கலந்த துணி தினசரிக்கு நல்ல சமரசம். லினன் அழகுதான், ஆனால் அது கசங்குவதையே அழகாக எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் அது அழகு, பத்திரம் வாங்குகிற மேசையில் இல்லை. பேண்டுக்குக் கடைகளில் அதிகம் கிடைப்பது பாலியஸ்டரும் விஸ்கோஸும் 65-க்கு 35 கலந்த துணி. மடிப்பு நிற்கும், விலையும் கட்டுபடியாகும், அதுவே போதும்.

பைக்கில் போகிறவர் என்றால் ஒரு யோசனை. டி-சர்ட்டில் போய், ஆபீஸ் கழிவறையில் முகம் கழுவி, துடைத்து, அங்கே சட்டை மாற்றிக்கொள்ளுங்கள். சட்டையை ஹேங்கரோடு ஒரு பையில் போட்டுப் பின்சீட்டில் கட்டிக்கொள்ளலாம், அல்லது வாரத்துக்கு இரண்டை ஆபீஸிலேயே வைக்கலாம். ஹெல்மெட் போட்டு நசுங்கிய தலைக்குச் சீப்பு. பத்து நிமிட வேலை. என் கீழே வேலை பார்த்த ஒருவர் நான்கு வருடம் இப்படிச் செய்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கும் அவர் மட்டும்தான் எங்கள் தளத்தில் பளிச்சென்று இருப்பார். அவர் எங்கிருந்து வந்தார் தெரியுமா, சென்னைக்கு வடக்கே தள்ளியிருக்கும் பொன்னேரியிலிருந்து.

வெயில் நாட்டில் இந்தக் குளிர்நாட்டு உடை எதற்கு என்ற எரிச்சல் உங்களுக்கு மட்டும் இல்லை. ஜப்பான் அரசு 2005-ல் ‘கூல் பிஸ்’ என்று ஒரு இயக்கம் தொடங்கியது. கோடையில் ஆபீஸ் ஏசியை 28 டிகிரியில் வைத்துக்கொண்டு, கோட்டையும் டையையும் கழற்றிவிடச் சொன்னது. பிரதமர் கொய்சுமியே டை இல்லாமல் வந்து காட்டினார். சம்பிரதாயத்துக்குப் பேர்போன ஜப்பானியரே கழற்றிவிட்டார்கள்; நம் ஊர் வங்கிகள் சிலவற்றில் இன்னும் பையன்கள் டை கட்டிக்கொண்டு வெயிலில் வாடிக்கையாளர் வீட்டுக்கு அலைகிறார்கள். உங்கள் கிளையில் டை கட்டாயமென்றால் கட்டுங்கள், வேறு வழியில்லை. முனை பெல்ட் பக்கிளைத் தொட வேண்டும், அதற்கு மேலேயும் வேண்டாம் கீழேயும் வேண்டாம். பளபளக்கும் சாட்டின் வேண்டாம். வெளியே போகும்போது கழற்றிச் சுருட்டிப் பையில் வையுங்கள், முடிச்சோடு ஆணியில் மாட்டாதீர்கள்.

நிறம். “நான் கறுப்பு” என்று ஏதோ குறை சொல்வதுபோல் எழுதியிருக்கிறீர்கள். கறுப்பாக இருப்பவன் அடர் நிறம் போடக்கூடாது, பளிச் நிறமும் போடக்கூடாது, மங்கலான கிரீமும் பழுப்பும்தான் என்று ஊரில் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். அந்த மங்கல் பழுப்புதான் நம் தோலுக்கு ஆகவே ஆகாதது. முகத்தின் களையை உறிஞ்சிவிடும். வெள்ளை, கறுத்த தோலுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். வெளிர் நீலம் அதற்கு அடுத்தது. ஒயின் நிறம், கருநீலம் எல்லாம் தாராளமாகப் போடலாம், வங்கிக்கு அடிக்கடி வேண்டாம் என்பது வேறு விஷயம். உங்களுக்கு நான் சொல்வது: இரண்டு வெள்ளை, இரண்டு வெளிர் நீலம், ஒன்று மெல்லிய கோடு போட்டது. பேண்டு கருநீலம் ஒன்று, அடர் சாம்பல் ஒன்று, கறுப்பு ஒன்று. எந்தச் சட்டையை எந்தப் பேண்டோடு போட்டாலும் பொருந்தும். காலையில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

வெள்ளைச் சட்டையை எடுத்தால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அடியில் வெள்ளைப் பனியன் போட்டால் அதன் விளிம்பு வெளியே தெரியும். சாம்பல் நிறமோ, உங்கள் தோல் நிறத்துக்குப் பக்கமான நிறமோ போட்டால் தெரியாது. கை வைத்த பனியன் என்றால் அக்குள் வேர்வை சட்டைக்கு வராமல் அது வாங்கிக்கொள்ளும். அக்குளில் மஞ்சள் கறை பிடிப்பதற்குக் காரணம் வேர்வை மட்டுமில்லை, வேர்வையைத் தடுக்கப் பூசும் பொருளில் உள்ள அலுமினிய உப்பும்கூட. அதற்குப் பிளீச்சிங் போட்டால் மஞ்சள் கூடத்தான் செய்யும். சோடா உப்பைக் குழைத்துத் தடவி அரை மணி நேரம் விட்டு, மெதுவாகத் தேய்த்து அலசுங்கள்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று பாட்டிகள் சொன்னதோடு இஸ்திரியையும் சேர்த்துக்கொள்ளலாம். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகக் கொடுத்து வாங்கிவிடுங்கள். காலையில் எட்டு மணிக்குக் கரண்ட் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஷூ ஒன்றுதான் நான் உங்களைக் கொஞ்சம் கூடச் செலவழிக்கச் சொல்லும் இடம். கறுப்புத் தோல், கயிறு கட்டுவது, முன்பக்கம் கூர்மையாக நீளாதது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிட்டு, ஷூ தைத்து உலகத்துக்கே அனுப்புகிறார்கள். அந்தப் பக்கம் உறவோ நண்பரோ இருந்தால் அங்கேயுள்ள கடைகளில் நல்ல தோல் ஷூ நியாயமான விலைக்குக் கிடைக்கும். அடிப்பகுதி ரப்பராக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைத் தண்ணீரில் நடந்தால் ஏன் என்று தெரியும். நனைந்த ஷூவை வெயிலிலோ அடுப்புப் பக்கமோ வைக்காதீர்கள், தோல் வெடித்துவிடும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். சாயங்காலம் போய் வாங்குங்கள், நடந்து நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. முதல் வேலையின் முதல் நாள், முந்தின நாள் காலையில் வாங்கிய புது ஷூவில் பாரிமுனைப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தேன். மதியத்துக்குள் குதிகால் இரண்டும் கிழிந்து, மேசைக்கு அடியில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து மேலதிகாரி கூப்பிட்டார். சேரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே போட்டு வீட்டுக்குள் நடந்து பழகுங்கள்.

சாக்ஸ் பேண்டின் நிறத்துக்கு, உட்கார்ந்தால் கால் தெரியாத நீளத்துக்கு. வெள்ளைச் சாக்ஸ் விளையாட்டுக்கு. பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறம். சட்டைப் பையில் பேனா ஒன்று போதும், போன் வேண்டாம். பை தொங்கிச் சட்டையே ஒரு பக்கம் இழுக்கும்.

தாடி வைக்கலாமா என்று கேட்கவில்லை, ஆனால் கேட்கப் போகிறீர்கள். வைக்கலாம், கழுத்துப் பக்கம் ஒதுக்கியிருந்தால். நெற்றியில் திருநீறோ குங்குமமோ வைத்தால் குறைத்து மதிப்பிடுவார்களா என்று நிறையப் பேர் என்னிடம் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். நான் உட்கார்ந்த எந்த மேசையிலும் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. கையில் கட்டிய கயிறு வேறு விஷயம். எந்தக் கோயிலில் எப்போது கட்டியது என்றே தெரியாமல், நிறம் போய், நூல் பிரிந்து, சோப்பு அழுக்கு ஏறி மூன்று நான்கு தொங்கும். பத்திரத்தை வாங்க நீட்டுகிற கை அது. பக்தி இருந்தால் புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள். பாடி ஸ்பிரேயைச் சட்டைமேல் அடித்துக்கொண்டு ஏசி அறைக்குள் வராதீர்கள், பக்கத்திலிருப்பவருக்குத் தலை சுற்றும்.

சனிக்கிழமைகளிலோ வெள்ளிக்கிழமைகளிலோ உங்கள் கிளையில் சாதாரண உடைக்கு அனுமதி இருக்கலாம். அதன் கதை சுவையானது. ஹவாய்த் தீவில் பூப்போட்ட சட்டை விற்பவர்களின் சங்கம் 1962-ல் அங்குள்ள சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஆளுக்கு இரண்டு சட்டை கொடுத்து ஆரம்பித்து வைத்தது. 1966-ல் வெள்ளிதோறும் அந்தப் பூப்போட்ட ‘அலோஹா’ சட்டை என்று ஆனது. 1992-ல் ஜீன்ஸ் தயாரிக்கும் லீவைஸ் நிறுவனம் தன் காக்கி பேண்டுகளை விற்க, ஆபீஸில் சாதாரண உடை எப்படி இருக்கலாம் என்று ஒரு கையேடு அச்சடித்து அமெரிக்காவில் 25,000 மனிதவள மேலாளர்களுக்கு அனுப்பியது. ஆக, இதுவும் துணி விற்பவர்கள் கிளப்பிவிட்டதுதான். முதல் இரண்டு மாதம் மற்றவர்கள் அன்று என்ன போட்டு வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பிறகு போடுங்கள். காலர் வைத்த டி-சர்ட் வரை சரி. வாசகம் எழுதியது வேண்டாம்.

நான் சொன்னதெல்லாம் வங்கிக்கு. மற்ற வேலைகளுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. லேத் பட்டறையில் டையும் முழுக்கையும் மோதிரமும் உயிருக்கே ஆபத்து. இங்கிலாந்தில் 2007-ல் மருத்துவர்கள் நோயாளியைப் பார்க்கும்போது முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக்கூடாது, டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், கிருமி பரவும் என்பதால். வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டும் வெள்ளைப் பட்டையும் விதி. ஆனால் அதே விதி பேண்டுக்குப் பதிலாக வேட்டியையும் அனுமதிக்கிறது என்பது பல இளம் வக்கீல்களுக்கே தெரியாது.

வேட்டி என்றதும் நினைவு வருகிறது. 2014-ல் சேப்பாக்கத்தில் ஒரு கிரிக்கெட் கிளப்பின் விழாவுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. பெரிய சர்ச்சையாகி, அந்த ஆகஸ்டிலேயே வேட்டிக்காக யாரையும் பொது இடத்தில் தடுக்கக்கூடாது என்று தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2019-ல் வந்த உடை உத்தரவிலும் பேண்ட் சட்டையோடு வேட்டிக்கும் இடம் உண்டு. உங்கள் அப்பா வேட்டி கட்டுகிறவர் என்றால், பொங்கலுக்கு முந்தின நாள் அவருடைய வேட்டியில் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போங்கள். கஞ்சி போட்டு இஸ்திரி செய்தது, ஒட்டும் பட்டை இல்லாமல் நீங்களே கட்டியது. அன்றைக்குக் கிளையிலேயே நன்றாக உடுத்தியவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள், மேனேஜர் உட்பட.

இப்போது பணக் கணக்கு. ஏரியாவுக்கு ஏரியா விலை மாறும், சுமாராகச் சொல்கிறேன். சட்டைக்குத் துணி 450, தையற்கூலி 450 என்று ஐந்து சட்டை 4,500. பேண்டுக்குத் துணி 700, கூலி 550 என்று மூன்று பேண்டு 3,750. ஷூ 2,000. பெல்ட் 500. பனியன் ஐந்து 750. சாக்ஸ் நான்கு ஜோடி 300. மொத்தம் 11,800. மிச்சம் 200 ரூபாயில் ஒரு டப்பா பாலிஷும் ஒரு பிரஷும். சென்னைக்கு வந்து தைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் ஊரில் கூலி குறைவு, உங்கள் உடம்பை அறிந்த மாஸ்டரும் அங்கேதான் இருப்பார். முதலில் ஒரே ஒரு சட்டையும் ஒரு பேண்டும் மட்டும் கொடுத்துத் தைத்து வாங்கி, ஒருமுறை துவைத்து, போட்டு, உட்கார்ந்து எழுந்து பாருங்கள். சரியாக இருந்தால் மீதியைக் கொடுங்கள். மூன்று வாரம் இருக்கிறதல்லவா, தீபாவளி சமயமாக இல்லாவிட்டால் போதும்.

கோட்டு இப்போது வேண்டாம். உங்கள் சம்பளத்துக்கு அது வருடத்தில் இரண்டு நாள் போடும் பொருள். எப்படியும் கல்யாணத்துக்கு ஒன்று எடுப்பீர்கள். அப்போது வீட்டில் மெரூன் என்பார்கள், தங்க நிறம் என்பார்கள், கல் பதித்ததைக்கூட எடுத்துக் காட்டுவார்கள். யார் சொன்னாலும் கேட்காமல், வெறும் கருநீலத்தில், மினுக்கு இல்லாத துணியில், தோள் சரியாகப் பொருந்தித் தைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பு முடிந்தபின் பத்து வருடம் ஆபீஸுக்கு அதைப் போடலாம். ரெடிமேடாக வாங்கினால், மேடை ஏறுவதற்கு முன் கைப்பட்டையில் வெளியே ஒட்டியிருக்கும் கம்பெனிப் பெயரையும், பின்பக்க வெட்டில் குறுக்காகப் போட்டிருக்கும் வெள்ளை நூலையும் பிரித்துவிடுங்கள். அது கடைக்காரர் மடிப்புக் கலையாமல் இருக்கப் போட்டது.